ஸ்கேன் சாவி கேட்ட இடத்தில் செலவுச் சாவியையும் கொடுத்தேன், 0.18 பிட்காயின் போச்சு

முந்தாநாள் ராத்திரி நடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 0.18 பிட்காயின். ஏழு மாதம் உட்கார்ந்து படம் வரைந்து கொடுத்துச் சேர்த்தது. பெயர் சொல்லப் போவதில்லை. சைலன்ட் பேமென்ட் (பிட்காயின் வரவை அடுத்தவர் கண்ணில் படாமல் வாங்கும் ஒரு முறை, கீழே சொல்கிறேன்) முகவரிக்கு வரும் பணத்தை உங்களுக்குப் பதிலாக நாங்கள் தேடித் தருகிறோம் என்கிற ஒரு ஸ்கேன் சேவை, அவ்வளவுதான்.

நான் ஏன் அந்தப் பக்கம் போனேன் என்றால், முதலில் எல்லாரையும் போல ஒரே பிட்காயின் முகவரியைத்தான் என் இணையப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் பேரம் பேசும்போது, "போன மாதம் இன்னொருத்தரிடம் இதில் பாதிதானே வாங்கினீர்கள்" என்றார். முகவரியை எக்ஸ்ப்ளோரரில் (பரிவர்த்தனைகளை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும் தளம்) போட்டு என் வரவு முழுக்கப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என் சட்டைப்பையில் அவர் கைவிட்டு எண்ணிய மாதிரி இருந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி, அதாவது புது முகவரி, வையுங்கள் என்று பிட்காயினை உருவாக்கிய சடோஷி 2008-லேயே வெள்ளை அறிக்கையில் எழுதி வைத்ததுதான், ஆனால் பொதுப் பக்கத்தில் ஒரு முகவரியை ஒட்டிவைக்கிறவன் ஆள் ஆளுக்குப் புதுசு எப்படிக் கொடுப்பது?

அதற்குத்தான் சைலன்ட் பேமென்ட். ரூபன் சோம்சன் 2022-ல் முன்வைத்தது, இப்போது பிஐபி 352 என்கிற பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு. எஸ்பி1 என்று தொடங்கும் நீளமான முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும். அனுப்புகிறவரின் வாலட் செயலி அதையும் தன் சாவியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அந்த ஒரு பணத்துக்கு மட்டும் ஒரு புது முகவரியை உண்டாக்கிக்கொள்ளும். செயினில் (எல்லாரும் பார்க்கிற பரிவர்த்தனைப் பதிவேட்டில்) எஸ்பி1 தலையே காட்டாது, சாதாரண டேப்ரூட் வகை முகவரிதான் தெரியும். அருமையான ஏற்பாடு, இதை இப்போதும் சொல்வேன். வாங்குகிறவனுக்குத்தான் வேலை: எந்தப் பணம் தன்னுடையது என்று கண்டுபிடிக்க பிளாக்குகளை (அந்தப் பதிவேட்டின் பரிவர்த்தனைத் தொகுப்புகளை) ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். என் பழைய போனில் ஒரு வாரம் திறக்காமல் விட்டால் மறுபடி ஒத்திசைக்க அரை நாள் ஓடும், போன் தோசைக்கல் மாதிரி சுடும்.

இந்தச் சோம்பலில்தான் மாட்டினேன்.

இதில் சாவி இரண்டு ஜோடி உண்டு, ஸ்கேன் ஒன்று, செலவு ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு ரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி. தேடித் தருகிறவருக்குத் தேவை ஸ்கேன் ரகசியச் சாவியும், செலவுப் *பொதுச்* சாவியும்தான். அவற்றை வைத்து அவர்கள் என் வரவைப் பார்க்கலாம், எடுக்க முடியாது. இது எனக்குத் தெரியும்! தெரிந்துதான் போனேன், அதுதான் வயிற்றெரிச்சல். சேவையின் திரையில் இரண்டு பெட்டி. ஒன்றில் "ஸ்கேன் சாவி", இன்னொன்றில் வெறும் "செலவுச் சாவி". பொதுவா ரகசியமா என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் சரியாகத்தான் பொதுச் சாவியை ஒட்டினேன், 02 என்று தொடங்கும் 66 எழுத்து. பெட்டி சிவப்பானது. "நீளம் தவறு."

சாட்டில் கேட்டேன். ஒரு நிமிஷத்தில் பதில், அதுவும் மரியாதையாக: "உங்கள் வாலட் பழைய வடிவத்தில் தருகிறது சார், அதே பக்கத்தில் கீழே 64 எழுத்தில் இன்னொன்று இருக்கும், அதை ஒட்டுங்கள், சாதனத்தை விட்டு அது வெளியே போகாது." ஒருமுறை யோசித்தேன். பிறகு, இவ்வளவு விவரம் தெரிந்தவர் சொல்கிறார், சரி என்று ஒட்டினேன். பெட்டி பச்சையானது. பத்தே நொடியில் பழைய வரவெல்லாம் வரிசையாக வந்து நின்றது, "அடேயப்பா, எவ்வளவு வேகம்" என்று சந்தோஷம் வேறு பட்டேன். 64 எழுத்தில் இருந்தது ரகசியச் சாவி. விடிவதற்குள் 0.18 பிட்காயின் காலி.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "செயினில் உறுதியாவதற்கு நேரம் ஆகும், பொறுங்கள்" என்றார்கள். திருடிய பரிவர்த்தனை ஏற்கெனவே இருபது பிளாக்குக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டது. அடுத்து "உங்கள் போனில் வைரஸ் இருக்கலாம்". அடுத்து வேறொரு பெயரில் ஒருவர் வந்து, "நாங்கள் எந்நாளும் செலவு ரகசியச் சாவி கேட்பதில்லை, விதிமுறையைப் படியுங்கள்" என்று ஒரு இணைப்பு. பழைய உரையாடலைக் காட்டலாம் என்று திறந்தால் சாட் வெறுமையாக இருக்கிறது. சிவப்புப் பெட்டியை மட்டும் படம் எடுத்து வைத்திருந்தேன், அதை அனுப்பினேன். டிக்கெட் மூடப்பட்டது, நிலை: "தீர்க்கப்பட்டது". 0.18 பிட்காயின் எப்படித் தீர்ந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு கொடுமை. பதினான்கு பேர் பதினான்கு தனித்தனி முகவரிக்கு அனுப்பிய பணம் அது, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருப்பதாகவே வெளியே தெரியாது. திருடன் பதினான்கையும் ஒரே பரிவர்த்தனையில் வழித்து எடுத்திருக்கிறான். ஒரே பரிவர்த்தனையில் உள்ளீடாகச் சேர்ந்தவை ஒரே ஆளுடையவை என்றுதான் எல்லாரும் கணிப்பார்கள். இனி அந்தப் பதினான்கு பேரில் யார் தான் அனுப்பியதைத் தேடிப் பார்த்தாலும் மற்ற பதின்மூன்றும் கூடவே வரும். பேரம் பேசியவர் உட்பட. எதற்காக இதற்கு மாறினேனோ அதுவும் போச்சு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. 02 அல்லது 03 என்று தொடங்கி 66 எழுத்து இருந்தால் பொதுச் சாவி. 64 இருந்தால் ரகசியம், ஸ்கேனுடையதைத் தவிர எதையும் எவனிடமும் ஒட்டாதீர்கள், அதைக் கொடுத்தாலும் வரவு முழுக்க அவன் கண்ணுக்குத் தெரியும் என்று தெரிந்து கொடுங்கள். மொனேரோ என்கிற இன்னொரு கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், வரவைப் பார்க்கும் வியூ கீ வேறு, செலவழிக்கும் ஸ்பென்ட் கீ வேறு. சாட்டை அவ்வப்போது படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் உங்கள் சொந்த நோடிலேயே (செயினை நீங்களே இறக்கி வைத்திருக்கும் கணினியில்) ஸ்கேன் செய்யுங்கள், போன் சுட்டால் சுடட்டும்.

என்னிடம் படம் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால்: பழைய எஸ்பி1 முகவரிக்கு இனி ஒன்றும் அனுப்பாதீர்கள். இரண்டு சாவியும் அவர்களிடம் இருக்கிறது, வந்த உடனே எடுத்துவிடுவார்கள். புதுசு உண்டாக்கி நானே தருகிறேன்.