செகண்ட் ஹேண்டில் ஒரு வேகமான சின்னக் கார்: போலோ ஜிடி, அபார்த் புன்டோ, ஐ20 என் லைன்

பத்து லட்சத்தை ஒட்டிய பட்ஜெட்டில், செகண்ட் ஹேண்டில், நல்ல பிக்கப் உள்ள ஒரு காரைத் தேட ஆரம்பித்தால் இந்தியச் சந்தையில் சுற்றிச் சுற்றி மூன்று பெயர்களில் வந்து நிற்போம்: ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபியட் கொண்டுவந்த அபார்த் புன்டோ, ஹூண்டாய் ஐ20 என் லைன். மூன்றும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஹேட்ச்பேக். மூன்றிலும் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள பெட்ரோல் எஞ்சின். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனை வைத்து ஒப்பிடுகிறார்கள். ஐந்து, பத்து வருடம் ஓடிய வண்டியை அப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த மூன்றிலும் எஞ்சின் பெரிய பிரச்சினை இல்லை. பணத்தையும் நிம்மதியையும் தீர்மானிப்பது கியர்பாக்ஸும், உதிரி பாகம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதும்தான்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இல் வந்தது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 105 பிஎஸ் (குதிரைத்திறனின் அளவு). எண்ணாகப் பார்த்தால் சாதாரணம். ஆனால் 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைத்துவிடுவதால், ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் வண்டி நகரும் விதம் அந்த எண்ணைவிடப் பெரிதாகத் தெரியும். புனே அருகே சாகனில் தயாரான உறுதியான பாடி, 120-இல் போனாலும் பதறாத நிதானம். இதற்காகவே இன்றும் போலோவைக் கைவிடாதவர்கள் நிறைய பேர். 2010-இல் தொடங்கிய போலோ கப் பந்தயங்களும் அந்தப் பெயருக்கு மெருகேற்றின. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அவற்றைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் இன்று போலோ தேடுகிறார்கள்.

சிக்கல் அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எண்ணெயில் மூழ்காத இரண்டு உலர் கிளட்சுகள் உள்ள பெட்டி அது. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்ளும். மற்றது 2, 4, 6, ரிவர்ஸ். நெடுஞ்சாலையில் கியர் மாறுவதே தெரியாது, அவ்வளவு சுகம். கிண்டியிலோ காந்திபுரத்திலோ பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே சூடாகும். அதற்கும் மேலே மெகட்ரானிக் என்ற பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. அதில் அழுத்தம் குறைந்தால் ஒற்றைப்படை கியர்களோ, இரட்டைப்படையும் ரிவர்ஸுமோ மொத்தமாக வேலை செய்யாமல் போகலாம். இந்தப் பெட்டிக்காக ஃபோக்ஸ்வாகன் 2013-இல் உலக அளவில் வண்டிகளைத் திரும்ப அழைத்து, உள்ளே இருந்த சிந்தடிக் எண்ணெயை மினரல் எண்ணெயாக மாற்றியது. மெகட்ரானிக்கை முழுதாக மாற்ற நேர்ந்தால் பில் லட்சத்தைத் தாண்டும். ஏழெட்டு லட்சம் பெறாத ஒரு பழைய காருக்கு அது சின்னத் தொகை இல்லை.

அப்படியானால் போலோவே வேண்டாமா? வேண்டும், வேறு போலோ. 2020-இல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது 1.2-ஐ நிறுத்திவிட்டு 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டிஎஸ்ஐ எஞ்சினைப் போட்டார்கள். 110 பிஎஸ், டார்க் அதே 175. ஜிடி பேட்ஜ் உள்ளதில் உலர் கிளட்ச் போய், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் வந்தது. அதைவிட நல்ல செய்தி, ஹைலைன் பிளஸ் என்ற வகையில் இதே எஞ்சினை ஆறு கியர் மேனுவலோடு கொடுத்தார்கள். ஜிடி என்று எழுதியிருக்காது. ஆனால் 2022-இல் போலோ நிற்கும்வரை விற்ற வண்டிகளில் ஓட்டவும் வைத்துக்கொள்ளவும் சிறந்தது அதுதான் என்பேன். பேட்ஜ் இல்லாததால் பலர் கண்ணில் படாமல் போகிறது, அது வாங்குகிறவருக்கு லாபம்.

இனி அபார்த். மனசுக்குப் பிடித்தது எது என்று மட்டும் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். 2015 அக்டோபரில் 9.95 லட்சம் டெல்லி ஷோரூம் விலையில் 145 குதிரைத்திறன் கொடுத்தது ஃபியட். அந்த விலையில் அப்போது வேறு யாரும் அதன் பக்கத்தில்கூட இல்லை. 1.4 டி-ஜெட் எஞ்சின், 212 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஹைட்ராலிக் ஸ்டீயரிங். நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 8.8 விநாடி என்றது கம்பெனி. இரண்டாயிரம் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வரை ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அதைத் தாண்டியதும் ஒரு தள்ளு தள்ளும் பாருங்கள், ஸ்டீயரிங் கையில் இழுக்கும். முன்சக்கரத்தின் கீழ் ரோடு எப்படி இருக்கிறது என்பதை உள்ளங்கைக்குச் சொல்லும் அந்த ஸ்டீயரிங்கை இன்றைய எலக்ட்ரிக் ஸ்டீயரிங் எதிலும் நான் உணர்ந்ததில்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இது கொஞ்சம் மாறும். குறுகிய வளைவில் இரண்டாவது கியரில் ஆர்பிஎம் விழுந்துவிட்டால் டர்போ விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஏற்றத்தில் 1.0 போலோ அபார்த்தைவிடச் சுறுசுறுப்பாகத் தெரியும். வளைவுகள் அகலமாக, ரோடு நீளமாக இருக்கும் இடங்களில்தான் அபார்த் தன் முழு ரூபத்தைக் காட்டும். தரை இடைவெளி 155 மில்லிமீட்டர்தான். நம் ஊர்களில் ஆளாளுக்குப் போட்டிருக்கும் வேகத்தடைகளில் அடி தட்டாமல் பார்த்து இறக்க வேண்டும்.

எஞ்சின் எப்படி என்றால், நான் பயப்படாத எஞ்சின் அது. பெட்ரோலை வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கும் பழைய முறை என்பதால், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் வருவதுபோல் உள்ளிழுப்பு வால்வில் கரி படியும் தொல்லை இல்லை. வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றினால் போதும். பெல்ட் மாற்றிய பில் இல்லாத வண்டி என்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள், கூடவே வாட்டர் பம்பையும். ஆனால் ஃபியட் கார் தயாரிப்பு 2019-இல் இந்தியாவில் நின்றுவிட்டது. சஸ்பென்ஷன், கதவு, விளக்கு போன்றவை சாதாரண புன்டோவிலிருந்து கிடைக்கும். எஞ்சின் பாகங்களில் பல ஃபியட்டின் இன்னொரு காரான லீனியா டி-ஜெட்டுக்கும் பொது. அபார்த்துக்கே உரியவை உடைந்தால் உரிமையாளர் குழுக்களில் விசாரிப்பதும், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும்தான் வழி. வண்டி மூன்று வாரம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும், அந்த மூன்று வாரமும் நீங்கள் ஆபீஸ் போக வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இல்லாதவர்கள் இதை வாங்கக் கூடாது.

ஐ20 என் லைன் வேறு குணம். 2021-இல் வந்தது, 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். சாதாரண ஐ20-யைவிட சஸ்பென்ஷனை இறுக்கி, ஸ்டீயரிங்கை கனமாக்கி, சைலன்சர் சத்தத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அபார்த் ஓட்டியவருக்கு இதில் ஏதோ குறையும். அந்தக் கிளர்ச்சி இல்லை. அதே சமயம் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, சனிக்கிழமை ஏற்காடு போய்வர இதைவிட எளிதான வண்டியும் இந்த மூன்றில் இல்லை. தயாராவதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம். திருநெல்வேலியானாலும் தருமபுரியானாலும் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, பாகம் கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: இதன் டிசிடி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கும் போலோவின் டிஎஸ்ஜி போல இரட்டை உலர் கிளட்ச் வகைதான். ஆரம்ப வண்டிகளில் வந்த ஐஎம்டி-யில் கியரை நாம் மாற்றுவோம், கிளட்ச் பெடல் இருக்காது. வேக விரும்பிகளுக்கு அது ஒட்டவே இல்லை. 2023 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு முறையான ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். வாங்கினால் அதை வாங்குங்கள்.

ஓட்டும் செலவுக்கு வருவோம். ஊரும் ஹைவேயும் கலந்து, கொஞ்சம் ஆசையாக ஓட்டினால் லிட்டருக்கு அபார்த் 9, போலோ 11, ஐ20 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் அபார்த்துக்கு ஏறத்தாழ 1,11,000, ஐ20-க்கு 83,000. வித்தியாசம் 28,000. மைலேஜுக்காக மட்டும் அபார்த்தை ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். டிஎஸ்ஜி ஒருமுறை மக்கர் செய்தால் ஆகும் செலவு, நான்கைந்து வருடப் பெட்ரோல் வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

இன்சூரன்ஸில் சின்ன வித்தியாசம் உண்டு. 2022 ஜூனில் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416. ஐ20-யும் 1.0 போலோவும் முதல் வரிசை, 1.2 போலோவும் அபார்த்தும் இரண்டாவது. டயர் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும் கிடைக்கிறது. பழைய போலோவும் அபார்த்தும் அதற்காக வடிவமைத்த வண்டிகள் அல்ல. எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவதாக ஒரு பெயரையும் சொல்ல வேண்டும்: 2017-இல் வந்த மாருதி பலேனோ ஆர்எஸ். 1.0 பூஸ்டர்ஜெட் டர்போ எஞ்சின், சுமார் 100 குதிரைத்திறன், எடை குறைவு, மேனுவல் மட்டும். 2020 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டபோது அனாதையாகிவிடுமோ என்றிருந்தது. 2023-இல் மாருதியின் ஃப்ராங்க்ஸ் காரில் பூஸ்டர்ஜெட் எஞ்சின் திரும்பி வந்ததால் அந்தக் கவலை குறைந்தது. அதே வருடம் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் குறைக்காக 7,213 ஆர்எஸ் வண்டிகளை மாருதி திரும்ப அழைத்தது. பார்க்கும் வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனவே வீட்டுக்கு ஒரே கார் என்றால் 2023-க்குப் பிந்தைய ஐ20 என் லைன் மேனுவல். அவ்வளவு பணம் இல்லை என்றால் 1.0 போலோ மேனுவல். இன்னொரு வண்டியும், டி-ஜெட் தெரிந்த ஒரு மெக்கானிக்கும் இருந்தால் அபார்த்தை விடாதீர்கள், இனி அப்படி ஒன்று வரப்போவதில்லை. இதில் எதைப் பார்க்கப் போனாலும் ரீமேப் செய்த வண்டியா, அதாவது சக்தியைக் கூட்ட எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றியதா என்று நேராகக் கேளுங்கள். டர்போ வண்டிகளில் அது பரவலாக நடக்கிறது. விற்கும்போது பழைய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிவிடுவதும் உண்டு. உரசித் தேய்ந்த கிளட்ச், புதிதாக மாற்றிய இன்டேக் குழாய் போன்றவை அதன் தடயங்கள். பழைய 1.2 ஜிடி-யேதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், டெஸ்ட் டிரைவை அரை மணி நேரமாவது எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நெரிசலில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா, ஏற்றத்தில் ரிவர்ஸ் தயங்குகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த நிலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இந்த டிஎஸ்ஜி எதையும் காட்டிக்கொடுக்காது.