இலவம்பஞ்சு மெத்தையா, ரப்பர் மெத்தையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், அறுபதைத் தாண்டிய தம்பதியர் பழைய மெத்தையை மாற்ற நினைக்கும்போது இவ்விரண்டுக்கும் இடையில் தடுமாறுவதைக் காண்கிறேன்.

விலை: இலவம்பஞ்சு மலிவு, இயற்கை ரப்பர்ப் பாலில் செய்தது பல மடங்கு கூடுதல்.

நீடித்து உழைத்தல்: பஞ்சு நாளடைவில் அமுங்கி, இடுப்பு படும் இடத்தில் பள்ளம் விழும், ரப்பர் அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்கு மீளும்.

பராமரிப்பு: நம் ஊரின் ஈரக் காற்றில் பஞ்சு மெத்தையை அடிக்கடி வெயிலில் உலர்த்தித் தட்ட வேண்டும், முதுகுவலியுள்ளவர் அதைச் சுமந்துகொண்டு வாசற்படி இறங்குவது ஆபத்து. ரப்பர் மெத்தை கனமானது என்றாலும் அதை வெளியே சுமக்க வேண்டியதில்லை; வெயிலில் போடவே கூடாது, போட்டால் விரைவில் வெடித்துப் பொடியும்; இடைவெளி விட்டு அடித்த பலகைக் கட்டிலில் கிடந்தால் போதும்.

உறக்கம்: ரப்பர் தோள், இடுப்பு ஆகியவற்றின் எடையைப் பரப்பித் தாங்குவதோடு, ஒருவர் நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்தாலும் மற்றவரை அதிகம் அசைக்காது. வயதான இணையருக்கு இதுவே பெரிய நிம்மதி.

எதை வாங்கினாலும், ஓரத்தில் அமரும்போது பாதம் தரையில் முழுதாகப் படியும் உயரம் வேண்டும்.

பிள்ளைகள் உடனிருந்து உலர்த்தித் தருவார்கள், கெட்டிப் படுக்கை பழகிவிட்டது, அல்லது ரப்பர்ப் பால் ஒவ்வாமை உண்டு என்றால் இலவம்பஞ்சே பொருந்தும். தனித்து வாழும், மூட்டுவலியுள்ள இணையர் சற்றுச் சேமித்தாவது ரப்பரை வாங்குவதே நல்லது.