புரோட்டான் விபிஎன்: இந்தியாவுல இல்லாத இந்தியா சர்வர்

புரோட்டான் விபிஎன் (நம்ம நெட்ட வேற சர்வர் வழியா மறைச்சு அனுப்பற ஆப்) எடுத்து இந்தியாவ செலக்ட் பண்ணா உடனே கனெக்ட் ஆகுது, ஐபி (நெட்ல நம்ம முகவரி நம்பர்) செக் பண்ணா இந்தியான்னு தான் காட்டுது, ஆனா மெஷின் இருக்கறது சிங்கப்பூர்ல. ஸ்மார்ட் ரூட்டிங்னு பேரு. 2022 செப்டம்பர்ல இருந்து இப்படித்தான். சென்னைல இருந்து ஸ்பீடுக்கு குறை இல்ல, சிங்கப்பூருக்கு கடலுக்கடியில கேபிள் நேராவே போகுதே. சில பேங்க் ஆப் மட்டும் முரண்டு பிடிக்கும், ஆஃப் பண்ணிட்டு போக வேண்டியதுதான்.

ஏன் இங்கயே சர்வர் வைக்கலன்னா, 2022 ஏப்ரல் 28ல செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) ஐடி சட்டம் 70பி பிரிவுல ஒரு உத்தரவு போட்டாங்க. விபிஎன் கம்பெனிங்க கஸ்டமரோட பேரு, அட்ரஸ், போன் நம்பர், எந்த ஐபி குடுத்தாங்க, எதுக்கு வாங்குறாரு வரைக்கும் எழுதி வைக்கணும், அவரு கேன்சல் பண்ணிட்டு போனப்புறமும் 5 வருஷம் வச்சிருக்கணும். லாக் (யாரு எப்போ என்ன பண்ணாங்கங்கற பதிவு) வைக்க மாட்டோம்ங்கறதுதான் இந்த கம்பெனிங்க விக்கற சரக்கே. எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட் எல்லாம் சர்வர கழட்டிட்டு கிளம்பிட்டாங்க, இஷ்டமில்லன்னா போலாம்னு அப்போ ஐடி இணை மந்திரியா இருந்த ராஜீவ் சந்திரசேகரே சொன்னாரு. ஆபீஸ் விபிஎன்னுக்கு விலக்கு உண்டு, தனி ஆளுக்குத்தான் இவ்ளோ கெடுபிடி.

சைபர் திருடன பிடிக்கணும், சரி. அதுக்கு தப்பே பண்ணாதவன் விவரத்தயும் முன்கூட்டியே சேத்து வைக்கணுமா? இதுல எனக்கு நிஜமா கடுப்பு என்னன்னா, 2023 நவம்பர்ல செர்ட்-இன்ன ஆர்டிஐல (தகவல் உரிமை சட்டம்) இருந்தே விலக்கிட்டாங்க. அவங்க நம்ம ஜாதகத்தயே கேக்கலாம், அத வச்சு என்ன பண்றீங்கன்னு நாம மனு போட்டா பதில் சொல்ல வேண்டியதில்ல (ஊழல், மனித உரிமை மீறல்னா மட்டும் கேக்கலாம், அதுவும் பேப்பர்ல).

புரோட்டான் சுவிஸ் கம்பெனின்னு கண்ண மூடிட்டும் நம்பாதீங்க. 2021ல இவங்களோட மெயில் சர்வீஸ், சுவிஸ் அதிகாரிங்க உத்தரவால ஒரு பிரெஞ்சு ஆக்டிவிஸ்ட்டோட ஐபிய பதிவு பண்ணி குடுத்துச்சு. விபிஎன்னுக்கு அப்படி கட்டாயப்படுத்த அங்க சட்டம் இல்லங்கறாங்க, ஆனா கண்காணிப்பு விதிய இறுக்கற பேச்சு அங்கயும் ஓடிட்டுதான் இருக்கு. வெளி ஆளுங்கள வச்சு நோ-லாக் ஆடிட் பண்ணி ரிப்போர்ட்ட வெளியிடறாங்க, அது பெரிய ப்ளஸ்.

ஃப்ரீ பிளான்ல டேட்டா லிமிட் இல்ல, விளம்பரம் இல்ல, ஆனா நாட்ட நாம செலக்ட் பண்ண முடியாது, இந்தியா ஐபி வேணும்னா காசு கட்டணும். என் மார்க் 5க்கு 4. ஜம்மு காஷ்மீர் போறவங்க மட்டும் கவனம், அங்க சில மாவட்டத்துல 2025ல விபிஎன் யூஸ் பண்றதுக்கே கலெக்டர் உத்தரவுல தடை போட்டாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி இப்ப நிலவரம் என்னன்னு பாத்துக்கோங்க.