மிச்சிகனின் ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸும் காருக்குள் வந்த ஊதுகருவியும்: ஒரு மதிப்புரை

மிச்சிகன் மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக மீண்டும் தண்டனை பெற்றவர்களுக்கு, குடியை விடவைக்கும் சிகிச்சையையும் நீதிபதியின் தொடர் கண்காணிப்பையும் இணைத்து நடத்தும் சிகிச்சை நீதிமன்றத்தின் வழியாகக் கிடைக்கும் ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸையும் (கட்டுப்பாட்டு உரிமம்), அதற்காகக் காரில் பொருத்த வேண்டிய, மூச்சில் ஆல்கஹால் இருந்தால் வண்டியைக் கிளம்ப விடாத இக்னிஷன் இன்டர்லாக் கருவியின் சேவையையும் பற்றி எழுதுகிறேன். லைசென்ஸ் என் தம்பியுடையது. காரை இருவரும் ஓட்டுகிறோம் என்பதால், வண்டியைக் கிளப்ப நானும் ஊதித்தான் ஆக வேண்டும். சட்டத்துக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரமும், கருவியைப் பொருத்திப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு இரண்டும் கொடுப்பேன்.

சட்டத்துக்கு ஏன் நான்கு என்றால், அது இல்லாதபோது நிலைமை எப்படியிருக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை இந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் மிச்சிகனில் உரிமம் ரத்தாகிவிடும். அந்த ரத்து குறைந்தது ஓராண்டுக்கு நீடிக்கும். ஓராண்டு முடிந்ததும் உரிம அட்டை தானாக வீட்டுக்கு வந்துவிடாது. ஓட்டுநர் உரிமங்களை வழங்கும் மாநில அலுவலகமான செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தின் விசாரணை அதிகாரி முன் நின்று, குடியை விட்டுவிட்டேன் என்பதைத் தெளிவான சான்றுகளோடு நிரூபித்த பிறகே ஓட்ட முடியும். சோபிரைட்டி கோர்ட் என்று இங்கே சொல்லப்படும் சிகிச்சை நீதிமன்றத் திட்டத்தில் சேர்ந்தவருக்கோ, உரிமம் பறிபோய் 45 நாட்கள் கழிந்த பிறகு, இவர் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார், இவருடைய வண்டியில் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது என்று நீதிபதி சான்றளித்தால், கட்டுப்பாட்டு உரிமம் கிடைத்துவிடுகிறது. 2011-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு 2013-இல் நிரந்தரச் சட்டமானது; பின்னர் போதைப்பொருள் நீதிமன்றம், முன்னாள் படைவீரர் நீதிமன்றம் போன்ற பிற சிகிச்சை நீதிமன்றங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

டெட்ராய்ட் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த 45 நாள் கணக்கின் அருமையை விளக்கத் தேவையில்லை. நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் நோவை நகரம் 2022 வாக்கெடுப்பு வரை வட்டாரப் பேருந்துத் திட்டத்துக்கு வெளியிலேயே இருந்தது. கார் ஓட்ட முடியாதவருக்கு வேலையும் போகும், சிகிச்சையும் போகும். வாரத்தில் பல முறை சிறுநீர்ப் பரிசோதனைக்கும், ஆலோசனைக் கூட்டத்துக்கும், ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அதிகாரியைப் பார்க்கவும் வரச் சொல்லிவிட்டு, வருவதற்கான வழியை மட்டும் அடைத்து வைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அந்த முரண்பாட்டை இந்தச் சட்டம் நேராகக் கையாண்டிருக்கிறது.

ஆனாலும் இதை முழு உரிமம் என்று நினைத்து ஏமாறக் கூடாது. வீடு, வேலை, கல்லூரி, நீதிமன்றம், சிகிச்சை, பரிசோதனை, கடுமையான நோய்க்கான தொடர் மருத்துவம், கருவி நிறுவனம் என்று சட்டத்தில் சொல்லப்பட்ட இடங்களுக்கு மட்டுமே போகலாம். அந்தப் பட்டியலில் மளிகைக் கடையும் இல்லை, கோயிலும் இல்லை. போண்டியாக் பராசக்தி கோயிலுக்குப் போக வேண்டுமானால் தம்பி பக்கத்து இருக்கையில்தான் உட்கார வேண்டும். எங்கே போகிறார், எந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்பதற்கான ஆதாரத்தை ஓட்டும்போது கையோடு வைத்திருந்து, போலீஸ் கேட்டால் காட்டவும் வேண்டும். வேலை நேரம் குறித்த மேலாளரின் கடிதம் எங்கள் காரின் கையுறைப் பெட்டியில் எப்போதும் இருக்கும். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதுக் கடிதம் வாங்கிக்கொள்கிறோம். வணிக வாகனங்களை ஓட்ட இந்த உரிமம் பயன்படாது என்பதை லாரி ஓட்டிப் பிழைப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இனி கருவிக்கு வருகிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே சுருள் கம்பியில் தொங்கும் இது, கையடக்கமான கைபேசி அளவில் இருக்கிறது. ஊதுபவரின் முகத்தைப் படம் பிடிக்கச் சிறிய கேமராவும் உண்டு. மூச்சில் ஆல்கஹால் அளவு 0.025-ஐத் தொட்டால் வண்டி கிளம்பாது. சாதாரண ஓட்டுநருக்கு மிச்சிகனில் சட்ட வரம்பு 0.08 என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கடுமையானது என்பது புரியும். கிளம்பிய சில நிமிடங்களிலும், பிறகு இடையிடையேயும் மறுபடி ஊதச் சொல்லிக் கூவும். நெடுஞ்சாலையில் இந்தக் கூவலைக் கேட்டுப் பதறாமல் இருக்கக் கொஞ்ச நாள் பழக்கம் வேண்டும். பனிக்காலக் காலைகளில் கருவி சூடேறும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டை விட்டு இறங்குகிறோம்.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, தம்பிக்கு அஜீரணம் என்றதும் பெட்டியிலிருந்து தசமூலாரிஷ்டத்தை எடுத்துவிட்டார். அரிஷ்டங்கள் நொதிக்க வைத்துச் செய்யப்படுபவை, அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு என்று சொன்னதும், "மருந்துகூடவா குத்தம்? வேணும்னா அவனுக்குப் பதிலா நான் ஊதிடறேன்" என்றார். அப்படி ஒருவருக்காக இன்னொருவர் ஊதி வண்டியைக் கிளப்பித் தருவது இங்கே தனிக் குற்றம் என்பதைப் புரியவைக்கச் சற்று நேரமாயிற்று. வாய் கொப்பளிக்கும் திரவமும் இருமல் மருந்தும் இதே வகைதான். வாயில் மட்டும் தங்கிய ஆல்கஹால் என்றால், தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துச் சில நிமிடங்கள் கழித்து ஊதினால் அளவு இறங்கிவிடும். ஆகவே அந்த மறு ஊதலைத் தவறவிடாதீர்கள். கருவி சேமிக்கும் பதிவில் உங்கள் பக்கம் பேசப்போவது அது ஒன்றுதான்.

நிறுவனத்தின் சேவைதான் இதில் பலவீனமான பாதி. மாத வாடகை, பொருத்தும் கட்டணம், கழற்றும் கட்டணம் என்று எல்லாமே பயனரின் தலையில் விழுகின்றன. குறைந்த வருமானமுள்ளவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு என்பதை அவர்கள் தாமாகச் சொல்லவில்லை. கேட்டபோதுதான் படிவம் மேசைக்கு வந்தது. கருவியைச் சரிபார்த்துப் பதிவுகளை இறக்கும் சந்திப்புகள் வேலை நேரத்தில் மட்டுமே கிடைக்கின்றன. ஒரு முறை கருவியே பழுதாகிக் கார் நின்றபோது, வாடிக்கையாளர் எண்ணில் பதில் வர வெகு நேரமானது. அவர்களுடைய பழுது தம்பியின் பதிவில் தவறாக ஏறிவிடக் கூடாதே என்று, பழுது நீக்கிய ரசீதைக் கேட்டு வாங்கி ப்ரொபேஷன் அதிகாரியிடம் அன்றே கொடுத்தோம்.

நீதிமன்றம் இதற்கு நேர்மாறு. 1989-இல் மயாமியில் முதல் போதைப்பொருள் நீதிமன்றம் தொடங்கியது முதல் இந்த வகை நீதிமன்றங்களின் உயிர்நாடி, ஒரே நீதிபதி ஒரே நபரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் இருக்கிறது. தம்பியின் வேலை, அம்மாவின் வருகை, போன முறை சொன்ன சாக்கு எல்லாமே அந்த நீதிபதிக்கு நினைவிருக்கின்றன. தவறினால் தண்டனை அடுத்த தவணை வரை காத்திருப்பதில்லை; திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டால் செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்குத் தகவல் போய்க் கட்டுப்பாட்டு உரிமமும் பறிபோகும்.

சேர நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். விசாவில் இருப்பவர்கள், இந்த உரிமம் குடிவரவுச் சிக்கலைத் தீர்க்காது என்பதை உணர்ந்து, குடிவரவு வழக்கறிஞரைத் தனியே பார்த்துவிடுங்கள். குடித்து ஓட்டியதற்கான கைது ஒன்றே விசாவை ரத்து செய்யப் போதுமானதாக இருக்கலாம். அடுத்தது, திட்டத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கினாலும் முழு உரிமம் உடனே கைக்கு வராது. குறைந்தது ஓராண்டு கருவியோடு ஓட்டியிருக்க வேண்டும், வழக்கமான ரத்துக் காலமும் கழிந்திருக்க வேண்டும், அதன்பின் விசாரணை அதிகாரியையும் சந்திக்க வேண்டும். அந்த நாளுக்காக ஒவ்வொரு மாதப் பதிவு அறிக்கையின் நகலையும் முதல் மாதத்திலிருந்தே கேட்டு வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.