டெபாசிட்டுக்கு அரசுப் பணம்: கடனா, ஜாமீனா, போனஸா?

லண்டனில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் விருந்தில் சாப்பாடு முடிந்து தேநீர் வருவதற்குள் பேச்சு வீடு வாங்குவதற்கு வந்துவிடும். மாதத் தவணைகூடப் பரவாயில்லை, வாடகைக்குக் கொட்டுவதைத் தவணைக்குக் கட்டிவிடலாம். வீட்டு விலையில் முதலில் கையிலிருந்து போட வேண்டிய டெபாசிட்தான் சேர மாட்டேன் என்கிறது. சீட்டு எடுத்துப் போட்டால் "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று வீட்டுக் கடன் ஏற்பாடு செய்யும் மோர்ட்கேஜ் புரோக்கர் கேட்பார். சீட்டுக்கு எந்த ரசீதைக் காட்டுவது? அண்ணன் கொடுத்தார் என்றால், திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த இடத்தில் அரசு உதவலாமா என்பது பழைய சண்டை. பிரிட்டன் மூன்று விதமாக உதவிப் பார்த்துவிட்டது: பங்குக் கடன், ஜாமீன், சேமிப்பு போனஸ்.

பெரிய பணம் போனது முதலாவதில். 2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஹெல்ப் டு பை'. வாங்குபவர் வீட்டு விலையில் 5% போட்டால், அரசு 20% வரை கடன் தந்தது. லண்டனில் அது 2016 முதல் 40% ஆனது. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு மட்டும்தான். 4,00,000 பவுண்டு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 20,000, அரசு 1,60,000, வங்கி 2,20,000. வங்கிகள் பொதுவாக ஆண்டு வருமானத்தைப் போல் நாலரை மடங்குதான் தரும். எனவே சுமார் 49,000 பவுண்டு வருமானம் போதும். அரசுக் கடன் இல்லாமல் அதே 20,000 டெபாசிட்டோடு போனால் வருமானம் 84,000ஐத் தாண்டியிருக்க வேண்டும். டெபாசிட் உதவி என்று பெயர் இருந்தாலும் லண்டனில் அது வருமானப் பள்ளத்தைத்தான் அதிகம் நிரப்பியது. விவாதங்களில் இதை ஏனோ அதிகம் பேர் சொல்வதில்லை.

முதல் ஐந்து வருடம் வட்டி கிடையாது. ஆறாம் வருடம் 1.75% கட்டணம் வரும்: நம் கணக்கில் வருடத்துக்கு 2,800, மாதம் 233 பவுண்டு. பிறகு ஒவ்வொரு வருடமும் ஏறும். இதில் ஒரு பென்னிகூட அசலில் கழியாது. கடனும் 1,60,000 என்று நிற்காது. வீட்டு விலையில் 40%. வீடு 4,50,000 ஆனால் அரசுக்கு 1,80,000. விற்கப் போகும்போதுதான் பலருக்கு இது உறைத்தது. சரி, விலை இறங்கினால்? அரசும் நஷ்டத்தில் பங்கு கொள்ளும். அந்த நியாயம் இதில் உண்டு.

ஜாமீன் திட்டத்தில் அந்த நியாயம் கிடையாது. 2021இல் வந்து, 2025இல் நிரந்தரமாக்கப்பட்டது. 5% டெபாசிட்டில் 95% கடன் கொடுக்கும் வங்கிக்கு, கடன் வாராக்கடன் ஆனால் நஷ்டத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். வங்கிக்குத்தான் பாதுகாப்பு, உங்களுக்கு இல்லை. "அரசு கேரண்டி இருக்கு" என்று நம்மவர்கள் தைரியமாகச் சொல்வதைக் கேட்கும்போது இதை நினைவுபடுத்தத் தோன்றும். அதே ஃபிளாட் விலை வாங்கியவுடன் 10% சரிந்தால், 3,60,000 வீட்டுக்கு உங்கள் தலையில் 3,80,000 கடன். பங்குக் கடன் எடுத்தவருக்கு வங்கியின் 2,20,000, அரசின் 1,44,000, ஆக 3,64,000. ஒரே வீடு, ஒரே சரிவு. ஒருவர் 20,000 பள்ளத்தில், இன்னொருவர் 4,000 பள்ளத்தில். அரசுக்குச் செலவு குறைவு என்பது ஜாமீனின் பலம். வாங்குபவருக்கு அதில் பெரிய பலம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, 2017இல் வந்த லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கு. 18 முதல் 39 வயதுக்குள் கணக்குத் திறக்கலாம். வருடம் 4,000 போட்டால் அரசு 1,000 தரும். தம்பதி இருவரும் ஐந்து வருடம் போட்டால் வட்டி இல்லாமலே 50,000. கடன் கிடையாது, பங்கு கிடையாது. பழைய வீடும் வாங்கலாம். குறை விலை வரம்பில் இருக்கிறது. 4,50,000 பவுண்டு என்று அன்று வைத்ததை இன்னும் அசைக்கவில்லை. அதற்கு மேல் விலையுள்ள வீட்டுக்கு எடுத்தால் 25% அபராதம். 5,000இல் 1,250 போய் 3,750 வரும்; அதாவது போனஸோடு சொந்தக் காசில் 250 காலி. சேமித்தவனுக்கே தண்டனை!

எல்லா உதவியும் விலையை ஏற்றிவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். பாதி சரி. ஹெல்ப் டு பை பற்றி லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள், உதவியின் அளவு மாறும் இரண்டு எல்லைகளை எடுத்து இருபுறமும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்ட அனுமதி கிடைப்பதே குதிரைக் கொம்பான பெருநகர லண்டனில் விலை ஏறியது, கட்டுமானம் கூடவில்லை. நிலம் தாராளமாக உள்ள வேல்ஸ் எல்லையோரம் வீடுகள் கூடின, விலை அசையவில்லை. 40% கொடுத்தது எங்கே? லண்டனில்! பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் 2019 அறிக்கைப்படி, உதவி பெற்றவர்களில் ஐந்தில் மூன்று பேர் அது இல்லாமலும் ஏதோ ஒரு வீடு வாங்கியிருக்க முடியும். இடையில், இந்தத் திட்டத்தால் விற்பனை பெருகிய பெர்சிமன் கட்டுமான நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்கு 7.5 கோடி பவுண்டு போனஸ் போனது. சர்ச்சை முற்றி 2018இல் அவர் பதவி விலகினார். 2023இல் திட்டமும் முடிந்தது.

அரசின் பக்கம் நின்றால், பங்குக் கடனை நிலம் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் கொடுத்து, லண்டனுக்கான பணத்தை, உள்ளாட்சி குறைந்த வாடகைக்கு விடும் கவுன்சில் வீடு கட்டப் போட்டிருப்பேன். விருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு அது உதவாது. அவனுக்குச் சொல்வது வேறு: 40 வயது ஆகுமுன் ஐசா கணக்கைத் திற, சிறு தொகையானாலும் போட்டு வை. முதல் பணம் விழுந்து 12 மாதம் ஆகாமல் அதை வீட்டுக்கு எடுக்க முடியாது. அந்த நாள்கணக்கு இன்றே ஓடட்டும். லண்டன் ஹாரோவில் 4,50,000க்குள் மூன்று அறை வீடு தேடுகிறாய் என்றால் மட்டும், பணத்தைப் போடுமுன் என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டுப் போடு.