இரண்டு வருட வேலை, குடும்பத்தோடு வடக்கே: ஸ்டாக்ஹோமா, கோபன்ஹேகனா, ஹெல்சிங்கியா?

வடக்கு ஐரோப்பாவில் ஒன்றிரண்டு வருட வேலை வந்தால் எல்லோரும் முதலில் செய்வது இரண்டு: சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது, ஜனவரியில் எவ்வளவு குளிரும் என்று கூகுளில் தேடுவது. முடிவெடுக்க இரண்டுமே பெரிதாக உதவாது. சம்பளம் அதிகமான ஊரில் வாடகையும் அதிகம். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. பிள்ளைக்கு என்ன வயது, கூட வருகிறவருக்கு வேலை வேண்டுமா, ஒப்பந்தம் எத்தனை மாதம் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

நான் ஸ்டாக்ஹோம் பக்கத்து ஆள். அதனால் கொஞ்சம் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகத் தங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குடியுரிமை, ஓய்வூதியம் எல்லாம் வேறு கதை.

ஒரு எண்ணில் தொடங்குகிறது எல்லாம்

மூன்று நாடுகளிலும் ஆளுக்கு ஓர் அடையாள எண் உண்டு. அது கைக்கு வரும் வரை நீங்கள் பாதி மனிதர்தான்.

ஸ்வீடனில் அதன் பெயர் பெர்சூன்நம்மர். வரித்துறை கொடுக்கும். குறைந்தது ஒரு வருடம் தங்கப் போகிறீர்கள் என்று காட்டினால்தான் கிடைக்கும். அந்த எண் இருந்தால் அடையாள அட்டை, அட்டை இருந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு இருந்தால் பேங்க்ஐடி என்ற செயலி, அது இருந்தால் மருத்துவர் நேரம் வாங்குவதிலிருந்து ஸ்விஷ்ஷில் பணம் அனுப்புவது வரை எல்லாம். சங்கிலியின் முதல் கண்ணி தாமதமானால் வாரக்கணக்கில் எல்லாம் நிற்கும். ரொக்கம் வாங்காத கடைகள் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் கம்பெனி பதினொரு மாத ஒப்பந்தம் நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பன்னிரண்டைத் தாண்டும்படி கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் நடக்காது.

டென்மார்க்கில் சிபிஆர் எண். கோபன்ஹேகனில் 'இன்டர்நேஷனல் ஹவுஸ்' என்று ஒரே கூரையின் கீழ் பல அலுவலகங்களை வைத்திருக்கிறார்கள். நேரம் பதிவு செய்துகொண்டு குடும்பமாகப் போனால் வேலை ஓரளவு சுலபமாக முடிகிறது. ஆனால் நிலையான முகவரி கேட்பார்கள், அங்கேதான் சிக்கல். அதைப் பிறகு சொல்கிறேன். பின்லாந்துதான் இதில் கெட்டிக்காரத்தனம்: குடியிருப்பு அனுமதி கொடுக்கும்போதே எண்ணையும் பதிவுசெய்து தந்துவிட முடியும். நிபுணர் பிரிவில் விண்ணப்பித்தால் குடும்பத்துக்கும் சேர்த்து இரண்டு வாரத்தில் முடிவு சொல்லும் விரைவு வழியும் இருக்கிறது. அங்கே இழுத்தடிப்பது வங்கிக் கணக்குதான்.

ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால்

ஸ்வீடன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஒரு வயதிலிருந்து பாலர் பள்ளி. விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் நகராட்சி இடம் கொடுத்தாக வேண்டும். கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது: முதல் குழந்தைக்குக் குடும்ப வருமானத்தில் 3 சதவீதம், இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. எவ்வளவு சம்பாதித்தாலும் முதல் குழந்தைக்கு மாதம் சுமார் 1,700 குரோனாவோடு நின்றுவிடும். சாப்பாடும் அதற்குள்ளேயே. பின்லாந்திலும் உச்சவரம்பு உண்டு, 2024 ஆகஸ்டில் அது மாதம் 311 யூரோ. டென்மார்க்கில் செலவில் கால் பங்குக்கு மேல் பெற்றோரிடம் வாங்கக்கூடாது என்பது விதி. ஆனால் செலவே பெரிது என்பதால், கோபன்ஹேகனில் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மாதம் நாலாயிரம் குரோனரைத் தாண்டிவிடும்.

கட்டணத்தைவிட முக்கியம், முதல் குளிர்காலத்துக் காய்ச்சல். புதிதாகப் பாலர் பள்ளி சேர்ந்த பிள்ளைக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஸ்வீடனின் சமூகக் காப்பீட்டுக்குள் நீங்கள் இருந்தால், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் வீட்டில் இருப்பதற்குச் சம்பளத்தில் சுமார் 80 சதவீதம் உச்சவரம்புக்கு உட்பட்டு அரசே கொடுக்கும். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 120 நாள் வரை. மேலாளர் முகம் சுளிக்க மாட்டார், அவரும் போன வாரம் அதே விடுப்பில்தான் இருந்திருப்பார். மற்ற இரண்டு நாடுகளிலும் இது துறைவாரியான தொழிற்சங்க ஒப்பந்தத்தைப் பொறுத்தது, நாள் கணக்கும் குறைவு.

வெளியே விளையாடுவது மூன்று ஊரிலும் கட்டாயப் பாடம் மாதிரி. காலை எட்டரைக்குப் பாலர் பள்ளி வாசலில் நின்று பாருங்கள்: சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர், அதில் தலை முதல் கால் வரை ஒரே உடுப்பாகப் பஞ்சு வைத்த குளிராடை, கீழே பூட்ஸ், மேல் தட்டில் இரண்டு ஜோடிக் கையுறை. ஒன்று நனைந்தால் இன்னொன்று. நனைந்ததைத் தொங்கவிடச் சூடான காற்று வரும் அலமாரி. நம் பிள்ளை மட்டும் கட்டைவிரலைக் கையுறையின் சரியான பக்கத்துக்குள் நுழைக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். அம்மா அப்பாவுக்குத்தான் கூடுதல் நாள் பிடிக்கும்.

பள்ளி வயது என்றால் கணக்கு மாறுகிறது

ஸ்வீடனிலும் பின்லாந்திலும் பள்ளி மதிய உணவு இலவசம். பின்லாந்தில் 1948லிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. டென்மார்க்கில் பொதுவாக வீட்டிலிருந்து டப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளை கறுப்பு ரை ரொட்டியில் ஈரல் பசை தடவிச் சாப்பிடும், நம் பிள்ளை எலுமிச்சை சாதத்தைத் திறக்கும். ஊரில் தினமும் டிபன் பாக்ஸ் கட்டியவர்களுக்கு இது சுமையே இல்லை. சைவக் குடும்பங்களுக்கு டென்மார்க் இந்த வகையில் நிம்மதி என்றுகூடச் சொல்வேன். ஸ்வீடன் பள்ளியில் சைவ உணவு பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் பிள்ளை அதைத் தொடுகிறதா என்பது வேறு விஷயம்.

மொழிதான் பெரிய கேள்வி. ஆறு வயதுப் பிள்ளை ஸ்வீடிஷ் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் சரளமாகப் பேசும். பத்து வயதுப் பிள்ளையை இரண்டே வருடத்துக்காகப் பின்னிஷ் வழியில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கற்றுத் தேறுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். ஆங்கில வழி வேண்டுமென்றால் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நல்ல இடம். நோக்கியாவின் தலைமையகம் இருக்கும் ஊர். 2017லேயே ஆங்கிலத்தையும் சேவை மொழியாக ஏற்றுக்கொண்ட நகராட்சி. எஸ்போ இன்டர்நேஷனல் ஸ்கூல் நகராட்சிப் பள்ளி, கட்டணம் இல்லை. ஆனால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும், இடமும் இருக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் பாதிப் பாடம் வரை ஆங்கிலத்தில் நடத்தும் இலவசப் பள்ளிகள் உண்டு, வரிசைதான் நீளம். கோபன்ஹேகனில் தனியார் பள்ளிகளுக்கும் அரசு மானியம் போவதால் பலவற்றில் கட்டணம் நம் பெருநகர இன்டர்நேஷனல் பள்ளிகளை நினைத்துப் பயப்படும் அளவுக்கு இல்லை.

தமிழ்? ஸ்வீடனில் ஒரு நகராட்சியில் ஐந்து பிள்ளைகள் கேட்டு, ஆசிரியரும் கிடைத்தால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும். ஸ்டாக்ஹோமில் தமிழும் நடக்கிறது. டென்மார்க்கில் ஐரோப்பா அல்லாத மொழிகளுக்கு அந்தக் கடமையை 2002லேயே எடுத்துவிட்டார்கள். அங்கே தமிழ் சொல்லிக்கொடுப்பது உங்கள் பொறுப்பு.

திரும்பிப் போகும்போது என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். பின்லாந்தில் ஒன்றாம் வகுப்பே ஏழு வயதில்தான். மதிப்பெண் பின்லாந்தில் நான்காம் வகுப்பிலிருந்து, ஸ்வீடனில் ஆறிலிருந்து, டென்மார்க்கில் எட்டிலிருந்து. எட்டு வயதில் சென்னைக்குத் திரும்பும் பிள்ளை மரம் ஏறும், ஸ்கேட்டிங் போகும், வாய்ப்பாடு தெரியாது. சாயங்காலம் அரை மணி நேரம் வீட்டில் கணக்கு போட வைத்தால் சமாளிக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை அழைத்துவருவது மட்டும் எந்த ஊருக்கும் வேண்டாம்.

கூட வருகிறவர்

சட்டப்படி மூன்று நாட்டிலும் உங்கள் கணவர் அல்லது மனைவி வேலை பார்க்கலாம், தனி அனுமதி வேண்டாம். நடைமுறை வேறு. சமீப ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே வேலையின்மை அதிகமான நாடுகளில் பின்லாந்தும் ஸ்வீடனும் இருக்கின்றன. மொழி தெரியாமல் கணக்கியல், ஆசிரியர் பணி போன்றவற்றில் நுழைவது கஷ்டம். ஐடி துறை என்றால் ஸ்டாக்ஹோம், மருந்துத் துறை என்றால் கோபன்ஹேகன். கோபன்ஹேகனை ஒட்டி நோவோ நோர்டிஸ்க் போன்ற நிறுவனங்கள் இருப்பதால் உயிரியல் படித்தவர்களுக்கு அங்கே வழி இருக்கிறது. வேலை தேடும் எண்ணமே இல்லை என்றாலும் மொழி வகுப்பில் சேர்வது நல்லது. முதல் டிசம்பரில் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குத்தான் ஊர் கசக்கும். ஸ்டாக்ஹோமில் அப்போது பகல் சுமார் ஆறு மணி நேரம், ஹெல்சிங்கியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, கோபன்ஹேகனில் ஏழு. ஆனால் கோபன்ஹேகனில் பனியைவிட மழையும் காற்றும்தான். ஹெல்சிங்கியில் பனி படிந்தால் இருட்டே பாதி வெளுத்துவிடும்.

வீடும் பணமும்

வீடு கிடைப்பதில் ஹெல்சிங்கி பகுதிதான் சுலபம். ஸ்டாக்ஹோமில் நேரடி வாடகை வீட்டுக்கு வருடக்கணக்கில் வரிசை, அதனால் வருகிறவர்கள் எல்லாம் இரண்டாம் கை வாடகைதான், அதாவது ஒருவர் வீட்டை அவர் ஊரில் இல்லாத காலத்துக்கு எடுப்பது. சிஸ்டா, சொலென்டுனா, யேர்ஃபெல்லா பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர். கோபன்ஹேகனில் மூன்று மாத டெபாசிட், மூன்று மாத முன்வாடகை வரை கேட்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. மாத வாடகை 15,000 குரோனர் என்றால் முதல் மாதத்தோடு சேர்த்து ஒரு லட்சத்து ஐயாயிரம் குரோனர் சாவிக்கு முன்னால் வேண்டும். அதைக் கம்பெனி முன்பணமாகத் தருமா என்று கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

சம்பளம் பெரிதாக இருந்தால் டென்மார்க் கணக்கில் ஜெயிக்கும். வெளிநாட்டு நிபுணர்களுக்கான திட்டத்தில் ஏழு வருடம் வரை மொத்தம் 32.84 சதவீதம்தான் வரி, ஆனால் சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்ட வேண்டும். ஸ்வீடனில் நிபுணர் சலுகையில் சம்பளத்தின் கால் பங்குக்கு வரி இல்லை. வேலை தொடங்கிய மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் கிடையாது.

நார்வேயின் ஒஸ்லோவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் கட்டியெழுப்பிய கோயிலும் தமிழ்ப் பள்ளியும் அங்கே பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஊருணர்வு வேண்டுமென்றால் மற்ற மூன்றும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பாலர் பள்ளிக் கட்டணமும் 2025 ஆகஸ்டிலிருந்து மாதம் அதிகபட்சம் 1,200 நார்வே குரோனர்தான். எண்ணெய், கப்பல், கடல்சார் துறை ஆள் நீங்கள் என்றால் யோசிக்காமல் போங்கள்.

எங்கே போனாலும் கம்பெனி அனுப்புகிற ஆளாகப் போகிறீர்களா, அங்கேயே வேலைக்குச் சேர்கிறீர்களா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நான்கு நாடுகளோடும் இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. பிஎஃப் அலுவலகச் சான்றிதழோடு வந்தால் இங்கே ஓய்வூதியப் பங்களிப்பை மீண்டும் கட்ட வேண்டாம். ஆனால் இங்கே கட்டாதவருக்கு மேலே சொன்ன காய்ச்சல் விடுப்புப் பணம் போன்றவை கிடைக்காமல் போகலாம். பள்ளி எல்லாம் ஆகஸ்டில் திறக்கும், அதனால் ஜூலைக் கடைசியில் இறங்குவது மாதிரி தேதி கேளுங்கள். ஜூலையில் பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும் என்பதால் காகித வேலையை ஜூனுக்குள் முடித்துவிடுங்கள்.