கிரேப் சுட ஏற்ற சட்டி: டி பையர் மினரல் பி

கிரேப் என்பது மெல்லிய தோசை போன்ற ஃபிரெஞ்சுப் பண்டம். பிரான்ஸின் வோஜ் மலைப்பகுதியில் 1830 முதல் இயங்கும் நிறுவனம் டி பையர். அவர்களுடைய மினரல் பி வரிசையில் வரும் கார்பன் ஸ்டீல் கிரேப் சட்டி, ஃபிரெஞ்சுச் சமையலை வீட்டில் தொடங்குபவர்கள் முதலில் வாங்க வேண்டியது. விளிம்பு குட்டை என்பதால் தோசைத்திருப்பி தடையில்லாமல் அடியில் நுழையும். அடி கனமானது, மாவு விழுந்ததும் சூடு சட்டென்று இறங்காது.

துருப்பிடிக்காமல் இருக்கத் தேன்மெழுகு பூசி விற்கிறார்கள். வெந்நீர் விட்டு நன்றாகத் தேய்த்து அதை எடுத்துவிடுங்கள். ஈரம் போகத் துடைத்து, அடி மறைய எண்ணெய் விட்டு, புகை எழும்வரை காய்ச்சி, எண்ணெயைக் கொட்டித் துடைக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்கு இது கைவந்த வேலை. தொடக்கத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்பேறும், அது குறையல்ல.

மாவுக்கு: மைதா 250 கிராம், முட்டை 4, பால் அரை லிட்டர், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. முட்டையை மாவோடு கெட்டியாக அடித்துக்கொண்டு, பாலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். கடைசியில் வெண்ணெய். ஒரு மணி நேரம் ஊறட்டும். அவசரப்பட்டுச் சுட்டால் கிரேப் ரப்பர் மாதிரி இழுக்கும். ஊறியபின் கெட்டிப்பட்டிருந்தால் இரண்டு கரண்டி பால் விட்டு நீர்க்க வைக்கலாம்.

மிதமான தீயில் சட்டியைப் பொறுமையாகக் காயவிடுங்கள். தெளித்த நீர் முத்து முத்தாக ஓட வேண்டும். வெண்ணெயைத் துணியால் தொட்டு மெல்லத் தடவினால் போதும். தேங்கி நின்றால் கருகும், மாவும் வழுக்கிக்கொண்டு பரவாது. 24 செ.மீ. சட்டிக்குச் சுமார் 60 மி.லி. மாவு. ஊற்றிய கையோடு சட்டியைச் சுழற்றுங்கள். ஓரம் பழுப்பேறித் தானாக எழும்பியதும் திருப்பலாம், ஏறக்குறைய ஒரு நிமிடம். மறுபுறம் அரை நிமிடம். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் தூவி மடித்துச் சாப்பிடுவதற்கு இணை வேறில்லை. எலுமிச்சையைத் தட்டில் வைத்துப் பிழியுங்கள்; புளிப்புப் பட்டால் எண்ணெய் காய்ச்சிப் பழக்கியதில் சட்டியில் படிந்த படலம் போய்விடும். தக்காளி, ஒயின் சேரும் ரத்தத்தூய் (ஃபிரெஞ்சுக் காய்கறிக் கூட்டு) போன்றவற்றுக்கும் வேறு பாத்திரம்தான்.

பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில் பக்வீட் என்னும் தானிய மாவில் சுடும் கிரேப்பான கலெத்தும் இதிலேயே சுடலாம். பக்வீட் மாவில் குளூட்டன் (கோதுமை மாவுக்கு இழுவை தரும் புரதம்) கிடையாது, திருப்பும்போது கிழியும். மாவை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு முட்டை சேர்த்தால் பிடித்துக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. கைப்பிடியில் எபாக்ஸி என்னும் பிசின் பூச்சு இருப்பதால் ஓவன் அடுப்பில் 200 டிகிரியில் 10 நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது. இண்டக்‌ஷனில் எடுத்ததும் முழுச் சூடு கொடுத்தால் நடுப்பகுதி மட்டும் விரிந்து அடி வளையும். குறைந்த நிலையில் தொடங்கி ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது. 30 செ.மீ. அளவை ஆசைப்பட்டு வாங்காதீர்கள்: சிறிய அடுப்பில் ஓரம் காயாது, ஒரு கையால் சுழற்றவும் கடினம். வீட்டுக்கு 24 செ.மீ. சரியான அளவு.